நாய்க்கும் பூனைக்கும் டெஸ்ட் எடுக்கப் போகும் முன்

காலை எட்டரைக்கு ரத்தம் எடுக்க வரச் சொல்லியிருந்தால், முந்தின இரவு எட்டரைக்கே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். 8 முதல் 12 மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். தண்ணீர் மட்டும் வைக்கலாம். "ஒண்ணும் கொடுக்கலை டாக்டர், ரெண்டு பிஸ்கட்தான்" என்பதும் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும். சாப்பிட்ட சில மணி நேரத்துக்கு ரத்தத்தில் கொழுப்பு மிதக்கும். குழாயை மெஷினில் சுழற்றிய பிறகு மேலே தெளிந்து நிற்க வேண்டிய சீரம், நீர்த்த பாலைப் போல வெளுத்திருக்கும். ஒளியைப் பாய்ச்சி அளக்கும் மெஷினுக்கு இந்த வெண்மை தடை; பிலிருபின் (மஞ்சள் காமாலையில் ஏறும் நிறமி) உட்படப் பல எண்கள் பிசகும். கறி தின்றுவிட்டு வந்த நாய்க்கு யூரியாவும் கொஞ்சம் ஏறியே இருக்கும்.

இரண்டு விலக்குகள் உண்டு. சின்னக் குட்டிகளையும், மிகச் சிறிய இன நாய்களையும் இரவு முழுக்கப் பட்டினி போடாதீர்கள். சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் நாய், பூனை என்றால் சாப்பாட்டையும் ஊசியையும் எப்படி வைத்துக்கொள்வது என்று முதல் நாளே டாக்டரிடம் கேளுங்கள். சாப்பாடு தராமல் வழக்கமான ஊசியை மட்டும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ரத்த அணுக்களை எண்ண ஊதா மூடிக் குழாய். உள்ளே உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. மருந்து இருக்கும். குழாயில் போட்டிருக்கும் கோடு வரை ரத்தம் நிரம்ப வேண்டும். 2 மில்லி குழாயில் அரை மில்லி விட்டால் மருந்து அதிகமாகி, சிவப்பணுக்கள் சுருங்கி, ரத்தசோகை இல்லாத நாய்க்கும் பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) குறைவாக வரும். பூனைக்கும் குட்டிகளுக்கும் சின்னக் குழாய் கேட்டு வாங்குவது அதனால்தான். ரத்தம் விட்டதும் குழாயை மெதுவாக 8, 10 முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், உலுக்கக் கூடாது. இதைச் செய்யாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத சிறு கட்டிகள் உருவாகி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அதில் சிக்கிக்கொள்ளும். நாய்க்கு இயல்பாக 2 முதல் 5 லட்சம் வரை இருக்க வேண்டிய தட்டணு, 40 ஆயிரம் என்று அச்சாகி வந்து நிற்கும்.

நம் ஊரில் தட்டணு குறைந்தால் முதலில் நினைவுக்கு வருவது உண்ணிக் காய்ச்சல். பெரும்பாலும் அந்தச் சந்தேகம் சரிதான். ஆனால் எண்ணை மட்டும் பார்த்து மருந்து தொடங்குவது அவசரம். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்களா என்று கேளுங்கள். கட்டியாகச் சேர்ந்த தட்டணுக்கள் அங்கே தெரிந்துவிடும். உண்ணி பரப்பும் பபீசியா கிருமி இருந்தால் சிவப்பணுவுக்குள் பேரிக்காய் வடிவில் நிற்கும். பூனை விஷயத்தில் இந்தத் தகடு இன்னும் அவசியம். அதன் சிவப்பணு சிறியது, தட்டணு பெரியது. மெஷின் இரண்டையும் குழப்பிக்கொள்ளும். மனிதர்களுக்கான லேபில் கொடுத்தால், விலங்கு ரத்தத்துக்கு அளவுகளை மாற்றி அமைக்காத மெஷினில் குழப்பம் இரட்டிப்பாகும். ரிப்போர்ட்டின் ஓரத்தில் இருக்கும் நார்மல் அளவும் மனிதனுடையதாகவே இருக்கும்.

உண்ணிக் காய்ச்சல் தரும் இன்னொரு கிருமியான எர்லிக்கியாவுக்கு எடுக்கும் கிட் பெரும்பாலும் கிருமியைத் தேடுவதில்லை, அதற்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. காய்ச்சல் வந்த முதல் சில நாட்களில் நெகட்டிவ் காட்டலாம். குணமாகிப் பல மாதங்கள் ஆன பிறகும் பாசிட்டிவ் காட்டலாம். கிருமியின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். எடுப்பதாக இருந்தால், இந்தக் காய்ச்சலுக்குத் தரும் டாக்சிசைக்ளின் முதல் மாத்திரைக்கு முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள்.

மூத்திரம் பிடிப்பதுதான் வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டிய பெரிய வேலை. மெடிக்கலில் கிடைக்கும் மூடி போட்ட சாம்பிள் டப்பாவே போதும். ஊறுகாய் பாட்டில், ஜாம் பாட்டில் வேண்டாம்: ஒட்டியிருக்கும் துளி இனிப்பு போதும், நாய்க்குச் சர்க்கரை வியாதி என்று காட்டுவதற்கு. காலையில் முதல் முறை போகும்போது, முதல் சில சொட்டுகளை விட்டுவிட்டு நடுவில் பிடியுங்கள். ஆண் நாய்க்கு நீளக் காம்புள்ள குழிக்கரண்டி, குந்திப் போகும் பெண் நாய்க்குத் தட்டையான தட்டு. இரண்டையும் வெந்நீரில் அலசிக் காயவைத்திருக்க வேண்டும், டெட்டால் வாடை கூடாது. 5 மில்லி கிடைத்தால் தாராளம். பூனைக்கு லிட்டர் மண்ணைக் கொட்டிவிட்டு, கழுவிக் காய்ந்த மீன்தொட்டிக் கூழாங்கல்லைக் கொஞ்சமாகப் பரப்பி வையுங்கள். போனதும் ட்ரேயைச் சாய்த்து ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சலாம்.

ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் அல்ல. வெளியே வைத்தால் பாக்டீரியா பெருகும். ஃப்ரிட்ஜில் வைத்தால், உடம்பில் இல்லாத படிகங்கள் டப்பாவிலேயே உருவாகலாம். ஆகவே பிடித்த நேரத்தையும் வைத்த இடத்தையும் டப்பாவில் எழுதிக் கொடுங்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு இப்படிப் பிடித்தது உதவாது. டாக்டர் வயிற்றின் வழியே ஊசி போட்டு மூத்திரப்பையிலிருந்து நேராக எடுப்பார். ரத்த ஊசியை விடப் பெரிய வலி இல்லை. ஆண்டிபயாட்டிக் தொடங்கும் முன் எடுக்க வேண்டும்.

ஆண் பூனை ட்ரேயில் திரும்பத் திரும்ப முக்கியும் சொட்டு வரவில்லை என்றால் சாம்பிளுக்குக் காத்திருக்காதீர்கள். அது அடைப்பு, அந்த நிமிடமே கிளம்புங்கள்.

ரத்த ரிப்போர்ட்டில் வரும் கிரியாட்டினினை (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) மூத்திரத்தின் அடர்த்தியோடு சேர்த்துப் படியுங்கள். சிறுநீரகத் திறனில் முக்கால் பங்கு போன பிறகுதான் கிரியாட்டினின் தெளிவாக ஏறும். அது ஏறியிருந்து, அடர்த்தி நாய்க்கு 1.030, பூனைக்கு 1.035 தாண்டியிருந்தால், உடம்பில் தண்ணீர் வற்றியிருக்க வாய்ப்பு அதிகம்; மூத்திரம் நீர்த்திருந்தால் சிறுநீரகத்தைச் சந்தேகிக்க வேண்டும். நாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் ஈரல் டெஸ்ட்டில் வரும் ஏ.எல்.பி. ஏறும், வளரும் குட்டிக்கு எலும்பு வளர்வதாலேயே ஏறும். பயந்த பூனைக்குச் சர்க்கரை 250ஐத் தாண்டினாலும் அது நீரிழிவாக இருக்க வேண்டியதில்லை.

மலம் என்றால் புதிதாக, நெல்லிக்காய் அளவு போதும். மண் ஒட்டாத மேல்பகுதியை எடுங்கள். தரையில் இருக்கும் புழுக்கள் சாம்பிளில் கலந்துவிடும். ரத்த வயிற்றுப்போக்கு உண்டாக்கும் பார்வோ வைரஸுக்குத் தடுப்பூசி போட்டு ஓரிரு வாரத்துக்குள் பார்வோ கிட் போட்டால், ஊசியில் இருந்த வைரஸையே நோயாகக் காட்டக்கூடும். ஊசி தேதியைச் சொல்லுங்கள். தோலைச் சுரண்டிப் பார்க்கப் போகும் முன் குளிப்பாட்டுவதும் வேப்பெண்ணெய் தடவுவதும் வேண்டாம்.

எக்ஸ்ரேக்கு கழுத்துப் பட்டை, மணி, சட்டை எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஈர முடியும் படத்தில் கோடாக விழும். ஒரே படத்தோடு அனுப்பினால் குறுக்கே இன்னொன்று கேளுங்கள்; பக்கவாட்டில் தெரியாத முறிவு மல்லாந்த படத்தில் தெரியும். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றால் ஈய ஏப்ரன் இல்லாமல் நிற்காதீர்கள். கர்ப்பிணிகளும் 18 வயது ஆகாதவர்களும் அறைக்குள்ளேயே போகக் கூடாது. முரண்டு பிடிக்கும் நாயை நாலு பேர் அமுக்குவதை விட லேசான மயக்க ஊசி நல்லது.

எலும்பு, கல், காசு விழுங்கியது பளிச்சென்று தெரியும். மாங்கொட்டை, துணி, பிளாஸ்டிக் அப்படித் தெரியாது. குடலில் காற்று அடைபட்டு நிற்பதை வைத்து ஊகித்து, ஸ்கேனில் உறுதி செய்ய வேண்டியிருக்கும். மாம்பழ சீசனில் வாந்தி எடுக்கும் நாயின் கொட்டைக் கணக்கைச் சொல்லிவிடுங்கள். பூனை நூலையோ பூ நாரையோ விழுங்கி, நுனி வாயிலோ ஆசனவாயிலோ தெரிந்தால் இழுக்காதீர்கள். குடல் அறுந்துபோகும்.

வயிற்று ஸ்கேனுக்கும் பட்டினி வேண்டும், காரணம் வேறு: சாப்பாடும் காற்றும் ஒலியலையை மறைக்கும். கிளம்பும் முன் ஒன்றுக்குப் போக விடாதீர்கள், வாசலில் இறக்கியதும் காலைத் தூக்கிவிடும், ஜாக்கிரதை. மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் அதன் சுவரும் கல்லும் தெளியும். வயிற்று முடியை மழிப்பார்கள். மறுக்காதீர்கள், முடிக்கு இடையில் சிக்கும் காற்று படத்தைக் கெடுக்கும்.

சினை பார்க்க, இணை சேர்ந்து 25 முதல் 30 நாளில் ஸ்கேன் செய்தால் இதயத் துடிப்பு தெரியும், ஆனால் குட்டிகளின் எண்ணிக்கையை அதில் நம்ப முடியாது. 55 நாளுக்குப் பிறகு ஒரு எக்ஸ்ரே எடுத்து மண்டை ஓடுகளை எண்ணச் சொல்லுங்கள். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால்தான், பிரசவ இரவில் நாலு குட்டி வந்து நின்றுபோகும்போது உள்ளே இன்னும் ஒன்று இருக்கிறதா என்று தெரியும்.