நடப்பு நிகழ்வுகளில் மதிப்பெண் நழுவும் இடங்கள்: சட்டம், சுற்றுச்சூழல், சுகாதாரம், பாதுகாப்பு

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பலருக்கு, நடப்பு நிகழ்வுகளுக்காகச் செலவிடும் நேரத்துக்கும் அந்தப் பகுதியில் கிடைக்கும் மதிப்பெண்ணுக்கும் பொருத்தமே இருப்பதில்லை. மாத இதழை அடிக்கோடிட்டு வரிவிடாமல் படித்தவர்கூடத் தேர்வறையில் இரண்டு விடைகளுக்கு நடுவே தடுமாறுகிறார். படித்தது போதவில்லை என்று எண்ணி, மேலும் இரண்டு பி.டி.எஃப். தொகுப்புகளைப் பதிவிறக்கி வைத்துக்கொள்வதுதான் அடுத்து வழக்கமாக நடக்கிறது. என் பார்வையில், பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான்: செய்தியின் தலைப்பு மனத்தில் நிற்கிறது, அந்தச் செய்தி இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பது நிற்பதில்லை. அறிவிக்கப்பட்டதா, நிறைவேற்றப்பட்டதா, நடைமுறைக்கு வந்ததா, நிறுத்திவைக்கப்பட்டதா, பின்னர் மாற்றப்பட்டதா என்பதைத்தான் 'கூற்று – காரணம்' வகை வினாக்கள் சோதிக்கின்றன.

சட்டப் பகுதியில் இதன் விளைவு மிகக் கடுமையாக இருக்கும். தமிழ்நாடு ஆளுநர் மசோதாக்களை நிறுத்திவைத்தது தொடர்பான வழக்கை எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, முழுமையான நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 142 ஆவது பிரிவைப் பயன்படுத்தி, 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்ததோடு, ஆளுநரும் குடியரசுத் தலைவரும் முடிவெடுப்பதற்குக் காலக்கெடுவும் வகுத்தது. ஏப்ரல் மாதக் குறிப்போடு நிறுத்திக்கொண்டவருக்கு இதுவே கடைசிச் செய்தி. ஆனால் மே மாதத்தில் குடியரசுத் தலைவர், நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க இடம் தரும் 143 ஆவது பிரிவின்கீழ், 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2025 நவம்பர் 20 அன்று அளித்த கருத்துரையில், இத்தகைய காலக்கெடுவை நீதிமன்றம் விதிக்க இயலாது என்றும், 'ஒப்புதல் பெற்றதாகக் கருதுதல்' என்ற முறைக்கு அரசியலமைப்பில் இடமில்லை என்றும் கூறியது. அதே வேளையில், காரணம் காட்டாமல் ஆளுநர் நீண்ட காலம் முடிவெடுக்காதிருந்தால் நீதிமன்றம் ஓரளவுக்குத் தலையிடலாம் என்பதையும் அந்த அமர்வு ஏற்றுக்கொண்டது. இந்த இரண்டு செய்திகளும் குறிப்பேட்டில் ஏழு மாத இடைவெளியில், தொடர்பே இல்லாத இரு பக்கங்களில் கிடந்தால், தேர்வறையில் நினைவுக்கு வருவது பெரும்பாலும் பழையதாகவே இருக்கும். ஆகவே சட்டப் பகுதிக்கு மட்டுமாவது மாதவாரியாகக் குறிப்பெடுக்கும் பழக்கத்தைக் கைவிட்டு, மாநில மசோதாக்களுக்கு ஆளுநரும் குடியரசுத் தலைவரும் ஒப்புதல் தருவது பற்றிய 200, 201 ஆகிய பிரிவுகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, புதியது வரும்போதெல்லாம் அதே பக்கத்தின் கீழே எழுதிக்கொண்டு வர வேண்டும். முதன்மைத் தேர்வில் கட்டுரை விடை எழுதும்போதும் அந்த ஒரே பக்கம் கைகொடுக்கும்.

மசோதாவின் எண்ணையும் திருத்தச் சட்டத்தின் எண்ணையும் குழப்பிக்கொள்வது இன்னொரு நிரந்தரத் தவறு. மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் மசோதா 2023 இல் 128 ஆவது திருத்த மசோதாவாக அறிமுகமாகி, 106 ஆவது திருத்தச் சட்டமாக நிறைவேறியது. சரக்கு மற்றும் சேவை வரிக்கான 122 ஆவது மசோதா 101 ஆவது திருத்தமானது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 சதவீத ஒதுக்கீடு தந்த 124 ஆவது மசோதா 103 ஆவது திருத்தமானது. விடைத் தெரிவுகளில் இரண்டு எண்களும் அருகருகே நிற்கும்போது, செய்தித்தாளில் மசோதாவாகப் படித்த எண்ணே பழகியதாகத் தோன்றும். மகளிர் இடஒதுக்கீட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதையொட்டிய தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே ஒதுக்கீடு செயலுக்கு வரும் என்ற நிபந்தனையுடன்தான் 2023 இல் அச்சட்டம் நிறைவேறியது.

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று புதிய குற்றவியல் சட்டங்களும் 2023 டிசம்பரில் நிறைவேறின. நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை 1. இரண்டு தேதிகளையும் சேர்த்தே எழுத வேண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் எண்களைப் புதிய சட்டத்தின்மீது ஏற்றிப் படிப்பதும் ஆபத்தானது. கொலைக்கான தண்டனை பழைய சட்டத்தில் 302 ஆவது பிரிவில் இருந்தது. புதிய சட்டத்தில் அது 103 ஆவது பிரிவு, 302 என்ற எண்ணிலோ மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்துடன் பேசுவது பற்றிய குற்றம் இருக்கிறது. விபத்தை ஏற்படுத்திவிட்டுக் காவல் துறைக்குத் தெரிவிக்காமல் தப்பியோடும் ஓட்டுநருக்குக் கடும் தண்டனை தரும் 106 ஆவது பிரிவின் 2 ஆவது உட்பிரிவு, லாரி ஓட்டுநர்களின் போராட்டத்துக்குப் பிறகு வெளியான அறிவிக்கையில் ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வராதபடி தனியே விலக்கப்பட்டது. ஒரு சட்டம் முழுவதும் ஒரே நாளில் உயிர்பெற்றுவிடுவதாக எண்ணிப் படிப்பவருக்கு இந்த ஒரு வரி கண்ணில் படாமலே போய்விடும்.

சுற்றுச்சூழலுக்கு வந்தால், தேர்வர்களின் குறிப்பேடுகளில் அடிக்கடி இப்படி ஒரு வரியைக் காணலாம்: 'சி.ஓ.பி. 16 – 2024'. சி.ஓ.பி. என்பது ஓர் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளின் மாநாடு; எந்த உடன்படிக்கை என்று சொல்லாத அந்த வரியால் எந்தப் பயனும் இல்லை. 2024 இல் அதே எண்ணுடன் இரண்டு மாநாடுகள் நடந்தன. பல்லுயிர்ப் பெருக்க உடன்படிக்கையின் 16 ஆவது மாநாடு கொலம்பியாவின் காலி நகரிலும், பாலைவனமாதலைத் தடுக்கும் உடன்படிக்கையின் 16 ஆவது மாநாடு சவூதி அரேபியாவின் ரியாத்திலும் கூடின. காலநிலை மாற்ற உடன்படிக்கையின் 29 ஆவது மாநாடு அதே ஆண்டு அஜர்பைஜானின் பாகுவில் நடந்தது. உடன்படிக்கையின் பெயரை முதலில் எழுதி, அதன் பின்னரே எண், நகரம், ஆண்டு என்ற வரிசையில் எழுதினால் இந்தக் குழப்பம் வராது. மான்ட்ரியல் என்ற நகரப் பெயரும் இப்படித்தான் ஏமாற்றும்: 1987 ஆம் ஆண்டின் மான்ட்ரியல் நெறிமுறை ஓசோன் படலத்தைக் காப்பதற்கானது; 2022 ஆம் ஆண்டின் குன்மிங்–மான்ட்ரியல் கட்டமைப்பு, 2030 க்குள் நிலப்பரப்பிலும் கடற்பரப்பிலும் 30 சதவீதத்தைப் பாதுகாக்கும் இலக்கைக் கொண்டது.

இலக்குகளைப் படிக்கும்போது எந்த அளவுகோலில் சொல்லப்பட்டது என்பதை விட்டுவிடுவது இதைவிடப் பெரிய பிழை. 2030 க்குள் 50 சதவீதம் என்று இந்தியா 2022 இல் ஐக்கிய நாடுகளிடம் அளித்த உறுதி, நாட்டின் மொத்த மின் நிறுவுதிறனில் (மின்நிலையங்களால் அதிகபட்சமாகத் தர இயலும் அளவில்) நிலக்கரி போன்ற புதைபடிவ எரிபொருள் சாராத மூலங்களின் பங்கைப் பற்றியது. உற்பத்தியாகும் மின்சாரத்தில் பாதி என்று அதற்குப் பொருளில்லை. 2025 இலேயே அந்த நிறுவுதிறன் பங்கு எட்டப்பட்டதாக அரசு அறிவித்தபோதும், நிலக்கரி மின்சாரமே உற்பத்தியில் பெரும்பங்கு வகித்தது. 2021 இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசப்பட்ட 500 கிகாவாட் இலக்கு 2022 ஆம் ஆண்டின் அந்த உறுதிமொழியில் இடம்பெறவில்லை என்பதும் நல்ல வினாவுக்கு உரிய செய்தி.

மாறும் எண்ணிக்கைகளைத் தேதியில்லாமல் எழுதக் கூடாது. 2025 பிப்ரவரியில் ராமநாதபுரம் மாவட்டத்தின் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் பறவைகள் சரணாலயங்கள் சேர்ந்தபோது தமிழ்நாட்டின் ராம்சார் தலங்கள் (பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்கள்) 20 ஆகவும், நாட்டின் மொத்தம் 89 ஆகவும் உயர்ந்தன; ஜூன் மாதமே ராஜஸ்தானின் இரண்டு இடங்களால் நாட்டின் எண்ணிக்கை 91 ஆனது. நான்கே மாதத்தில் பழையதாகிவிடும் எண்ணை மனப்பாடம் செய்வதைவிட, எந்த மாநிலத்தில் எந்த நீர்நிலை என்பதைப் படத்தோடு பார்த்து வைப்பதே நிலைத்த பயன் தரும்.

சுகாதாரப் பகுதியில் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவிப்புகளைப் படிக்கும்போதும் நிலை பற்றிய கவனம் வேண்டும். கொரோனாவைப் பன்னாட்டுப் பொதுச் சுகாதார அவசரநிலையாக 2020 ஜனவரி 30 அன்று அறிவித்த அந்த நிறுவனம், பெருந்தொற்று என்று வகைப்படுத்தியது மார்ச் 11 அன்றுதான்; அவசரநிலை 2023 மே 5 அன்று முடிவுக்கு வந்தது. குரங்கம்மைக்கோ இதே அவசரநிலை 2022 இலும் 2024 இலும் இருமுறை அறிவிக்கப்பட்டது. 2025 மே 20 அன்று உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட பெருந்தொற்று ஒப்பந்தத்தை, அன்றே நாடுகளைக் கட்டுப்படுத்தத் தொடங்கிவிட்டதாக எழுதினால் தவறு. நோய்க்கிருமி மாதிரிகளைப் பகிர்வது பற்றிய அதன் பின்னிணைப்பு முடிவாகி, கையெழுத்துக்குத் திறக்கப்பட்டு, 60 நாடுகள் உறுதிசெய்த பின்னரே அது நடைமுறைக்கு வரும். திட்டங்களைப் பொறுத்தவரை யாருடைய திட்டம் என்பதே முதல் கேள்வி: மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மாநில அரசுத் திட்டம், 70 வயது நிறைந்தோருக்கு 2024 அக்டோபரில் விரிவுபடுத்தப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடு மத்திய அரசுடையது.

பாதுகாப்புப் பகுதியில் கூட்டுப் பயிற்சிகளின் பட்டியலுக்கு அளவுக்கு மீறிய நேரம் போகிறது. பிரான்சுடன் தரைப்படைக்குச் சக்தி, கடற்படைக்கு வருணா, விமானப்படைக்குக் கருடா, இந்தோனேசியாவுடன் கருட சக்தி என்று நாடுவாரியாக ஒரு அட்டவணை போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். அதைவிட முக்கியமானவை சொற்களின் துல்லியம் தேவைப்படும் செய்திகள். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 1960 ஆம் ஆண்டின் சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைத்தது. ரத்து செய்ததாக எழுதப்பட்ட குறிப்புகளை இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். படைகள் எந்த அமைச்சகத்தின்கீழ் வருகின்றன என்பதையும் ஊகத்தில் விடக் கூடாது. எல்லைப் பாதுகாப்புப் படையும் தேசியப் பாதுகாப்புப் படையும் உள்துறை அமைச்சகத்தின்கீழ் உள்ளன. இந்தியக் கடலோரக் காவல்படை பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் வருகிறது. அசாம் ரைபிள்ஸ் மட்டும் நிர்வாகத்துக்கு உள்துறையையும் களச் செயல்பாட்டுக்குத் தரைப்படையையும் சார்ந்தது என்பதால், பொருத்துக வினாவில் அதன் எதிரே என்ன கேட்கப்பட்டிருக்கிறது என்பதை இருமுறை படித்த பிறகே விடையை நிரப்ப வேண்டும்.