நவம்பரில் குருவிக்கு ஃபீடர் (தீனிக் கூடு) வைப்பதற்கு முன் அணிலை யோசியுங்கள்

டொராண்டோ பக்கம் இலையெல்லாம் கொட்டி முடிந்த நவம்பர்தான் பின்வளவில் குருவி பார்க்க நல்ல காலம், மறைய இடமில்லாமல் எல்லாம் கண்ணில் படும். மலிவுக் கலவைத் தீனி வேண்டாம். அதிலுள்ள சிவப்புச் சோளத்தைப் பெரும்பாலானவை கீழே தள்ளிவிடும், அப்புறம் எலி வரும். கறுப்புச் சூரியகாந்தி விதை மட்டும் போதும்.

அணில்தான் பெரிய தலைவலி. மரம், வேலி, கூரை எதிலிருந்தும் குறைந்தது 3 மீட்டர் தள்ளிக் கம்பம் நட்டு ஃபீடரை அதில் தொங்கவிட்டு, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அணில் ஏறாமல் கம்பத்தில் கூம்புத் தகரம் மாட்டுங்கள். கம்பத்தில் எண்ணெய் மட்டும் பூசாதீர்கள், இறகில் ஒட்டினால் குருவிக்கு ஆபத்து. காரம் பூசிய விதையும் கடையில் கிடைக்கிறது, பறவைகளுக்கு அந்தக் காரம் உறைக்காது.

சிக்கடி என்ற சின்னக் குருவியைக் கவனியுங்கள்: ஒரே ஒரு விதையைக் கவ்விக்கொண்டு கிளைக்குப் போய், இரண்டு காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்து, தட்டித் தட்டி உடைக்கும். சாம்பல் நிற ஜங்கோ குருவி தரையில்தான் மேயும், பறக்கும்போது வால் ஓரத்தில் வெள்ளை தெரிந்தால் அதுதான்.

திடீரென்று ஒன்றையுமே காணோமா? மேலே பாருங்கள், குருவி பிடிக்கும் கூப்பர் வல்லூறு உட்கார்ந்திருக்கலாம். சில நாள் ஃபீடரை எடுத்து வைத்தால் அது வேறு இடம் பார்த்துக்கொள்ளும். 2 வாரத்துக்கு ஒருமுறை ஃபீடரைக் கழுவிக் காயவிடுங்கள்.