டெர்மீன் வேறு, ஃப்ரிஸ்ட் வேறு: ஜெர்மனிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஜெர்மனிக்கு வந்த முதல் வாரத்திலேயே காதில் விழும் சொல் டெர்மீன். நகர அலுவலகம், பல் மருத்துவர், வங்கி என்று எங்கே போனாலும் முதல் கேள்வி ‘ஹாபன் ஸீ ஐனன் டெர்மீன்?’ என்பதுதான். முன்பே நேரம் வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் பல இடங்களில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை, அங்கே எல்லாருக்கும் அதே நடைமுறைதான்.

சொல்லைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது, கூடவே மூன்று வினைச்சொற்கள் வேண்டும். நேரம் குறிப்பதற்கு ஃபெர்ஐன்பாரன், தள்ளிவைப்பதற்கு ஃபெர்ஷீபன், வரமுடியாது என்று சொல்லி விடுவிப்பதற்கு அப்ஸாகன். முதலில் அப்ஸாகனைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். பிஸியோதெரபி போன்ற இடங்களில் 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லாமல் போகாமல் விட்டால், அந்த நேரத்துக்கான தொகையைக் கேட்டு உங்கள் பெயருக்கே பில் வரலாம். காப்பீட்டு நிறுவனம் அதைக் கட்டாது.

டெர்மீனுக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு சொல் ஷ்ப்ரெஷ்டுண்ட. மருத்துவரோ அதிகாரியோ ஆட்களைப் பார்க்கும் நேரம் அது. வாசலில் அந்த நேரம் எழுதியிருப்பதாலேயே நேராக உள்ளே போய்விட முடியாது. ‘ஒஃபன ஷ்ப்ரெஷ்டுண்ட’ என்று எழுதியிருந்தால் மட்டும் முன்பதிவு இல்லாமல் போய்க் காத்திருக்கலாம். சிறப்பு மருத்துவரிடம் மாதக்கணக்கில் நேரம் கிடைக்கவில்லையா? 116117 என்ற எண்ணில் நேரம் பிடித்துத் தரும் சேவை இருக்கிறது. பெரும்பாலான சிறப்பு மருத்துவர்களுக்கு உங்கள் குடும்ப மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு வேண்டும், அதில் அவசரக் குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இனி ஃப்ரிஸ்ட். புதிதாக வந்தவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். அகராதியைப் புரட்டினால் இதற்கும் டெர்மீனுக்கும் ‘தேதி’, ‘காலம்’ என்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பொருள் இருக்கும். டெர்மீன் என்பது குறித்த ஒரு நேரம். தவறினால் பெரும்பாலும் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். ஃப்ரிஸ்ட் என்பது நம் ஊரில் சொல்லும் கெடு. கெடு முடிந்தால் உரிமையே போய்விடலாம்.

அரசு அலுவலகத்திலிருந்து ஒரு முடிவுக் கடிதம், அதாவது பெஷைட், வந்தால் கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள். ரெஷ்ட்ஸ்பெஹெல்ஃப்ஸ்பெலேருங் என்ற நீளமான தலைப்பில் எதிர்ப்பை எங்கே, எப்படி, எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கும். வழக்கமாக ஒரு மாதம். சாதாரணத் தபாலில் வந்த கடிதம், அனுப்பிய நான்காம் நாள் கிடைத்ததாகக் கொள்ளப்படும்; 2025 தொடக்கம் வரை இது மூன்று நாளாக இருந்தது. முறைப்படி ஒப்படைத்ததைப் பதிவு செய்து தரும் மஞ்சள் உறையில் வந்தால் கணக்கு மாறும். தபால்காரர் உறையின் மேல் எழுதும் தேதியிலிருந்தே கெடு ஓடத் தொடங்கும், ஆகவே உறையைத் தூக்கி எறியாதீர்கள். போக்குவரத்து அபராதத்துக்கு எதிராக எழுத இரண்டே வாரம். வேலையை விட்டு நீக்கினால் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போக மூன்று வாரம். எதிர்ப்புக்கான காரணங்களைத் திரட்ட நேரமில்லை என்றால், எதிர்க்கிறேன், விளக்கம் பின்னால் வரும் என்று கையெழுத்திட்ட கடிதத்தைக் கெடுவுக்குள் சேர்த்துவிடுங்கள். வெறும் மின்னஞ்சல் பெரும்பாலும் செல்லாது. சில கெடுக்களை நீட்டித்துக் கேட்கலாம்; அதையும் அவை முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

ஒரே விஷயத்தில் இரண்டு சொற்களும் மோதும் இடம்தான் மிகவும் ஆபத்தானது. குடியிருப்பு அனுமதி ஜூன் மாதம் முடிகிறது, வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஆகஸ்ட் மாதம்தான் டெர்மீன் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டெர்மீன் கையில் இருக்கிறதே என்று சும்மா இருக்கக் கூடாது. நீட்டிப்பு விண்ணப்பம் அனுமதி முடிவதற்கு முன்பே அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், இணையப் படிவமாகவோ கடிதமாகவோ. அப்படிச் சேர்ந்திருந்தால், முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகச் சட்டம் கொள்கிறது. அதற்குச் சான்றாக ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். முகவரிப் பதிவும் இப்படித்தான்: வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது ஃப்ரிஸ்ட். பெரிய நகரங்களில் அதற்குள் நேரம் கிடைக்காமல் போகலாம். உடனே முன்பதிவு செய்து, அந்த உறுதிப்படுத்தும் மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வீட்டைக் காலி செய்யும்போது வருவது க்யூண்டிகுங்ஸ்ஃப்ரிஸ்ட், அதாவது காலி செய்யப்போவதாக முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டிய கெடு. வாடகைக்கு இருப்பவருக்கு வழக்கமாக மூன்று மாதம். மார்ச் மாதத்தின் மூன்றாம் வேலைநாளுக்குள் உங்கள் கடிதம் வீட்டுக்காரர் கைக்குக் கிடைத்தால் மே இறுதியோடு ஒப்பந்தம் முடியும். ஒரு நாள் பிந்தினாலும் ஜூன் வாடகையும் கட்ட வேண்டிவரும். இதற்கும் கையெழுத்திட்ட தாள்தான் வேண்டும்.

இதே வேரிலிருந்து வந்த இரண்டு சொற்களையும் வேலை ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். பெஃப்ரிஸ்டெட் என்றால் குறிப்பிட்ட காலம் வரை, உன்பெஃப்ரிஸ்டெட் என்றால் கால வரம்பு இல்லை. வீடு தேடும்போது வீட்டுக்காரர்கள் கவனிப்பதும் பெரும்பாலும் இதைத்தான்.

நண்பர்களைப் பார்க்க டெர்மீன் என்று சொல்லிவிடாதீர்கள், அலுவலக வாடை அடிக்கும். அதற்கு ஃபெர்அப்ரேடுங். சில சமயம் காதலர் சந்திப்பையும் அது குறிக்கும் என்பதால், சக ஊழியரோடு காபி குடிக்கப் போவதென்றால் ‘ட்ரெஃபன்’, அதாவது சந்திக்கிறோம் என்று சொன்னாலே போதும். நேரம் பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ‘ஹால்ப் ட்ரை’ என்றால் மூன்றரை இல்லை, இரண்டரை. மூன்றை நோக்கிப் பாதி வழி என்ற கணக்கு. லைப்ஸிக், டிரெஸ்டன் பக்கம் ‘ஃபீர்டல் ட்ரை’ என்றும் சொல்வார்கள், அது இரண்டேகால். சந்தேகமாக இருந்தால் 14:30 என்று எழுதிக் காட்டிக் கேட்டுவிடுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.