1234567 பகா எண்ணா? பேனாவும் தாளும் போதும்

பன்னிரண்டு லட்சத்து முப்பத்து நாலாயிரத்து ஐந்நூற்று அறுபத்தேழு. பார்த்தவுடன் எதற்கும் வகுபடாது என்றே தோன்றும். வகுத்துப் பார்த்துவிடுவோம்.

படி 1: சுலபமானவற்றைக் கழியுங்கள்
கடைசி இலக்கம் 7. அதனால் 2, 5 இரண்டும் இல்லை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 28, ஆகவே 3-உம் இல்லை. 7-இல் முடிகிறதே, 7-ஆல் வகுபடும் என்று நினைத்துவிடாதீர்கள். 17-உம் 7-இல்தான் முடிகிறது.

படி 2: 7, 11, 13 மூன்றும் ஒரே கணக்கில்
7 × 11 × 13 = 1001. எனவே எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டினால் போதும்: 567 − 234 + 1 = 334. இதை 7-ஆல் வகுத்தால் மீதி 5, 11-ஆல் 4, 13-ஆல் 9. மூன்றுமே காரணி இல்லை.

நம் ஊர்க்காரர்கள் சறுக்குவது இங்கேதான். நாம் 12,34,567 என்று காற்புள்ளி வைத்துப் பழகியவர்கள். அப்படியே வெட்டினால் 567 − 34 + 12 = 545 வரும்; 7-ஆல் வகுக்கும்போது மீதி 6 என்று தவறாகக் காட்டும். 1|234|567 என்றுதான் வெட்ட வேண்டும்.

படி 3: எங்கே நிறுத்துவது?
1111² = 1234321, 1112² = 1236544. நம் எண் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதனால் 1111 வரை உள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். அவை மொத்தம் 186. அதற்கு மேல் ஒரு காரணி இருந்தால், அதன் ஜோடி 1111-க்குள் இருந்தாக வேண்டும்.

படி 4: பொறுமையாக வகுங்கள்
17 முதல் 113 வரை 24 பகா எண்கள். ஒவ்வொன்றிலும் மீதி வரும், 17-இல் 10. நடுவில் சலித்துப்போய் “பகா எண்” என்று முடிவு கட்டுகிறவர்கள் அதிகம். அடுத்தது 127:

1234567 − 1143000 (127 × 9000) = 91567
91567 − 88900 (127 × 700) = 2667
2667 − 2667 (127 × 21) = 0

ஆக, 1234567 = 127 × 9721. பகு எண்.

படி 5: 9721-ஐ மறுபடி சோதிக்க வேண்டாம்
அதன் வர்க்கமூலம் 99-க்குள். 9721-க்கு அதைவிடச் சிறிய பகாக் காரணி இருந்திருந்தால், அது 1234567-ஐயும் மீதியின்றி வகுத்திருக்கும். 127-க்குக் கீழே எல்லாவற்றையும் ஏற்கெனவே பார்த்தாயிற்று. அதனால் 9721 பகா எண்.

படி 6: எந்த வகை?
காரணிகள் நான்கே: 1, 127, 9721, 1234567. தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகை 9849. எண்ணைவிட மிகக் குறைவு என்பதால் இது குறைவெண்.

இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா? முடியாது. கடைசி இரண்டு இலக்கமான 67-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3. எந்த முழு எண்ணின் வர்க்கத்தை 4-ஆல் வகுத்தாலும் மீதி 0 அல்லது 1தான். இரண்டைக் கூட்டினாலும் 2-ஐத் தாண்டாது.