உள்ளங்காலில் கரும்புள்ளி: மெலனோமாவை எப்படி அறிவது, என்ன செய்வது

மெலனோமா என்பது தோலுக்கு நிறம் தரும் அணுக்களில் தொடங்கும் புற்றுநோய். வெள்ளைத் தோலினருக்குப் பெரும்பாலும் வெயிலால் வரும் இந்நோய், கருநிறத் தோலினரான நமக்கு அரிதாகவே வருகிறது; வரும்போதும் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களிலேயே மிகுதியாகத் தோன்றுகிறது. ஆகவே, தாமிரபரணிக் கரை வயல்களில் வெயிலில் உழைத்ததுதான் காரணம் என்று எண்ண வேண்டியதில்லை. அணுக்களின் மரபுப்பொருளில் நேரும் மாற்றங்களே இதைத் தொடங்கிவைக்கின்றன. பாதத்தில் ஓயாது விழும் அழுத்தமும் துணைபோகக்கூடும் என்ற கருத்து இன்னும் ஆய்வில் இருக்கிறது. இது தொற்றுநோய் அன்று. நோயாளிக்குத் தனித் தட்டு வைப்பது தேவையற்ற கொடுமை.

மாதம் ஒருமுறை, குளித்த பின், நல்ல வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். குனிய இயலாத முதியவர்களுக்கு வீட்டிலுள்ளவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். ஓரம் ஒழுங்கற்று, பல நிறங்கள் கலந்து, 6 மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாகும் புள்ளியும், ஒரே நகத்தில் தோன்றி அகலமாகி, நகத்தைச் சுற்றிய தோலுக்கும் படரும் கரும்பட்டையும் கவனத்துக்குரியவை. சில வேளை கருமையே இன்றிச் சிவந்த சதையாகவும் இருக்கும். அதனால்தான் கால் ஆணி, முள் குத்திய புண், சர்க்கரைப் புண் என்று மாதக்கணக்கில் தவறாகக் கருதப்படுகிறது. எருக்கம்பால் விடுவதையும் பிளேடால் சீவுவதையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

பாளையங்கோட்டையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரைக் காணலாம். அவர் சதைப் பரிசோதனை (பயாப்சி, அதாவது சதையை வெட்டியெடுத்துச் சோதிப்பது) செய்யச் சொன்னால் மறுக்காதீர்கள். கத்தி பட்டால் புற்று பரவும் என்ற அச்சம் நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த அச்சத்துக்கு அடிப்படையில்லை, அதனால் கழியும் மாதங்களே உயிருக்கு ஆபத்து. கட்டி தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியுள்ளது என்பதே சிகிச்சையைத் தீர்மானிப்பதால், இப்பரிசோதனைக்கு மாற்று இல்லை.

முதன்மைச் சிகிச்சை அறுவையே. 1 மில்லிமீட்டர் ஆழத்துக்கு உட்பட்ட கட்டியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலையும், 2 மில்லிமீட்டரைத் தாண்டியதற்கு இரண்டு சென்டிமீட்டரையும் சேர்த்து அகற்றுவது வழக்கம். ஆழம் கூடினால் தொடை இடுக்கிலுள்ள நிணநீர்க் கணுவையும் சோதிப்பார்கள். பரவிய நிலையில், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைக் கொண்டே புற்றை எதிர்க்கச் செய்யும் மருந்துகள் உண்டு. ஆனால் விலை மிக அதிகம் என்பதால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ மேல்சிகிச்சைக்குச் செல்வோர், அறிக்கையோடு சதைப் பரிசோதனையின் கண்ணாடி ஸ்லைடுகளையும், மெழுகில் பதித்த சதைத் துண்டான பிளாக்கையும் கேட்டு வாங்கிக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும்.