நாய் கடித்துவிட்டதா? குழாயடியிலிருந்து கடைசி ஊசி வரை

நாய் கடித்ததும் பலர் முதலில் நாயை விரட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். அதை விடுங்கள், ஓட வேண்டியது குழாயடிக்கு. ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தெரிய ஆரம்பித்தபின் பிழைத்தவர்கள் மிக அபூர்வம். அதற்கு முன்பே முறையாகச் சிகிச்சை எடுத்தால் நோய் வராமலே தடுத்துவிடலாம்.

1. சோப்புப் போட்டுக் கழுவுங்கள்

குழாயைத் திறந்துவிட்டுக் காயத்தை 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், பதற்றத்தில் இரண்டு நிமிடமே நெடுநேரமாகத் தோன்றும். துணி சோப்பு இருந்தாலும் போதும். ரேபிஸ் வைரஸின் மேலுறையில் கொழுப்பு இருக்கிறது, சோப்பு அதைச் சிதைத்துவிடும். அப்புறம் பெட்டாடின் போடலாம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம்.

2. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஊசி இலவசம். மந்திரிக்கப் போய் ஒரு நாளைக்கூட இழக்காதீர்கள். ‘நம்ம வீட்டு நாய்தானே’, ‘குட்டிதானே’ என்றும் தள்ளிப்போட வேண்டாம். நாயை 10 நாள் கவனிப்பது நல்லதுதான், ஆனால் ஊசியை ஆரம்பித்துவிட்டுக் கவனியுங்கள்.

3. காயத்தை முழுதாகக் காட்டுங்கள்

காயமில்லாத தோலை நாய் நக்கியிருந்தால் கழுவினால் போதும். ரத்தம் வராத சின்னக் கீறலுக்குத் தடுப்பூசி வேண்டும். பல் பதிந்து ரத்தம் வந்திருந்தாலோ, புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டிருந்தாலோ தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் கட்டாயம்.

நிறையப் பேருக்குத் தெரியாமல் போவது இதுதான். தடுப்பூசி போட்டபின் உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காக்க, தயார்நிலை எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலினைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்துகிறார்கள். வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே போடுவது நல்லது, விட்டுப்போனால் முதல் தடுப்பூசியிலிருந்து 7 நாளுக்குள் போட்டாக வேண்டும். அந்த மருத்துவமனையில் இல்லையென்றால் எங்கே கிடைக்கும் என்று கேட்டு, அங்கே உடனே போங்கள். டி.டி. ஊசி பற்றியும் கேளுங்கள். அது ரணஜன்னிக்கு, ரேபிஸ் ஊசிக்குப் பதிலாகாது.

4. தேதி தவறாதீர்கள்

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இன்னும் போகவில்லை. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய ஊசி இப்போது இந்தியாவில் இல்லை. இப்போது கைத் தோலில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுகிறார்கள். முதல் ஊசி ஜூன் 1 என்றால், அடுத்தவை ஜூன் 4, 8, 29. தசையில் போடுவதாக இருந்தால் 0, 3, 7, 14, 28. சின்னக் குழந்தைகளுக்குத் தொடையில் போடுவார்கள், யாருக்கும் புட்டத்தில் போடக்கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம்.

5. ஊசி போட்ட சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்

முழுத் தவணையும் போட்டவரைப் பின்னாளில் மறுபடி நாய் கடித்தால், பொதுவாக 0, 3 ஆகிய இரண்டு நாள் ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. மருத்துவர் அதை முடிவுசெய்ய இந்தச் சீட்டைத்தான் கேட்பார்.