மடை திருப்பும் ஓட்டு: அயர்லாந்துக்குப் போகும் நம்மூர்ப் பிள்ளைகள் அங்கே வாக்களிப்பது எப்படி

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்து, விசாவும் வந்துவிட்டது. நேற்று சாயங்காலம் திண்ணையில் வந்து உட்கார்ந்து ஒரு நோட்டு நிறையக் கேள்வி கேட்டாள். ஸ்வெட்டர் எத்தனை வாங்குவது, புளி எவ்வளவு கட்டிக்கொண்டு போகலாம், வாடகைக்கு எவ்வளவு எடுத்து வைப்பது. எல்லாம் முடிந்தபிறகு நானாகத்தான் ஓட்டுப் பேச்சை எடுத்தேன். "அங்க நமக்கு என்னக்கா ஓட்டு?" என்றாள். 2017இல் லிமெரிக் நகரத்தில் போய் இறங்கியபோது நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சொல்ல ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அயர்லாந்தின் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டியதில்லை. 18 வயது ஆகியிருக்க வேண்டும், அங்கே குடியிருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டே 2019 மே மாதம் என் முதல் ஐரிஷ் ஓட்டைப் போட்டேன். மற்றத் தேர்தல்களுக்குக் கணக்கு வேறு. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் போடலாம். டால் என்கிற கீழவைக்கு ஐரிஷ், பிரிட்டிஷ் குடிமக்கள். ஜனாதிபதி தேர்தலிலும் மக்கள் வாக்கெடுப்பிலும் ஐரிஷ் குடிமக்கள் மட்டும்தான்.

பெயர் சேர்ப்பது சுலபம். வேலையில் சேர்ந்ததும் பி.பி.எஸ். எண் (வரிக்கும் அரசுச் சேவைகளுக்கும் ஆளுக்கொன்றாகத் தரும் அடையாள எண்) வாங்குவீர்கள். அந்த எண், பிறந்த தேதி, வீட்டின் ஏர்கோட் (ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி பின்கோடு உண்டு) இவற்றை வைத்து ஆன்லைனில் பத்து நிமிடத்தில் பதியலாம். ஆனால் வாடகை வீட்டுக்காரர்கள் நாம். வருடத்துக்கொரு வீடு மாறினால் வருடத்துக்கொரு தடவை முகவரியையும் மாற்ற வேண்டும். மின்சாரக் கணக்கை மாற்றும் அன்றே இதையும் முடித்துவிடுங்கள். தேர்தல் அறிவித்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்த என் தோழிகள் பலருக்கு 2024இல் ஓட்டு இல்லாமல் போனது.

இனி ஓட்டுச்சீட்டு. நம்மூர் போல ஒரு பட்டனை அமுக்கிவிட்டு வருவது அங்கே கிடையாது. மெஷினே கிடையாது. காகிதச் சீட்டில் வேட்பாளர்களின் பெயர் அகரவரிசையில் இருக்கும், கூடவே படமும் கட்சிச் சின்னமும். பென்சிலால் 1, 2, 3 என்று எண் போட வேண்டும். மிகவும் பிடித்தவருக்கு 1, அவர் இல்லையென்றால் யார் என்பதற்கு 2, அவரும் இல்லையென்றால் 3. ஒரே தொகுதியிலிருந்து மூன்று முதல் ஐந்து பேர் டாலுக்குப் போவார்கள். உள்ளாட்சியில் ஏழு பேர் வரைகூட. நம் ராஜ்யசபா உறுப்பினர்களை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுப்பதும் இந்த முறையில்தான். அங்கே கூலித் தொழிலாளி வரை எல்லோரும் அப்படிப் போடுகிறார்கள்.

சொன்னால் இது புரியாது, செய்து பார்த்தால்தான் புரியும். போன வாரம் தம்பி மனைவிக்கு வளைகாப்பு. என்ன சாதம் கிளறுவது என்று பேச்சு வந்தது. மூன்று வகைதான் முடியும், ஆசையோ ஐந்து. வீட்டில் பெரியவர் சிறியவர் சேர்த்து இருபது பேர். பழைய தினசரிக் காலண்டர் தாள்களைக் கிழித்து ஆளுக்கொன்று கொடுத்து, முதுகுப் பக்கம் வரிசை எண் போடச் சொன்னேன்.

இருபது ஓட்டு, மூன்று இடம். இடத்தோடு ஒன்று கூட்டி நாலால் வகுத்தால் ஐந்து. அதோடு ஒன்று சேர்த்தால் ஆறு. ஆறு ஓட்டு வாங்கினால் ஜெயம். இதற்குக் கோட்டா என்று பெயர். முதல் எண்ணிக்கையில் புளிசாதம் 8, தயிர்சாதம் 5, எலுமிச்சை 3, தேங்காய் 2, சர்க்கரைப் பொங்கல் 2. புளிசாதம் ஜெயித்தது. அதற்கு ஆறு போதும், இரண்டு மிச்சம். அந்த எட்டுச் சீட்டையும் திருப்பி, 2 என்று எதற்குப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். நாலு பேர் தேங்காய்க்கு, நாலு பேர் எலுமிச்சைக்கு. ஆக மிச்சம் இரண்டையும் ஆளுக்கொன்றாகப் பிரித்தோம். தேங்காய் 3, எலுமிச்சை 4. கடைசியில் நின்ற சர்க்கரைப் பொங்கலை நீக்கினோம். அதன் இரண்டு சீட்டும் தேங்காய்க்குப் போக, தேங்காய் 5. அடுத்து, குறைவாக நின்ற எலுமிச்சையை நீக்கினோம். அதன் நாலில் மூன்று தேங்காய்க்கு, ஒன்று தயிருக்கு. முடிவில் புளி, தேங்காய், தயிர். முதல் எண்ணிக்கையில் இரண்டே ஓட்டு வாங்கிய தேங்காய் சாதம் உள்ளே வந்துவிட்டது. மூன்று வாங்கிய எலுமிச்சை வெளியே.

அப்பா தூணில் சாய்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ தேர்தலில் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவர். "அப்ப இது மடை திருப்புற மாதிரிம்மா. ஒரு வயல் நிறைஞ்சா அடைச்சுட்டு அடுத்த வயலுக்கு விடுறோம்ல" என்றார். மூணாறு தலைப்பில் வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதைவிட நன்றாக யார் சொல்லித் தர முடியும்? நானே இத்தனை வருடம் இப்படி யோசித்ததில்லை.

எண் போடுவதில் மூன்று விஷயங்களை மட்டும் கவனியுங்கள். ஒரே எண்ணை இருவருக்குப் போட்டால் அந்த இடத்தோடு உங்கள் ஓட்டு நின்றுவிடும். இடையில் ஓர் எண்ணை விட்டாலும் அப்படியே. சீட்டில் உங்கள் பெயரையோ கையெழுத்தையோ எழுதினால் செல்லாது. நீங்கள் போடும் 2, நீங்கள் போட்ட 1ஐ ஒருபோதும் பாதிக்காது. உங்கள் 1 ஜெயித்தோ தோற்றோ முடிந்தபிறகுதான் 2ஐப் பார்ப்பார்கள். இது தெரியாமல் நம்மவர்கள் ஒரே ஒரு எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். கடைசி இடத்துக்கு, உங்களுக்குச் சுமாராகப் பிடித்த ஒருவரும் 'வந்தவர்கள் எல்லாம் வெளியே போங்கள்' என்று கத்துகிற ஒருவரும் மோதும் நேரம் வரும். அப்போது உங்கள் சீட்டு உயிரோடு இருக்க வேண்டும். நான் யாருக்கு எண்ணே போடக்கூடாது என்பதை முதலில் முடிவுசெய்வேன். மற்ற எல்லோருக்கும் வரிசையாகப் போட்டுவிட்டுத்தான் பென்சிலைக் கீழே வைப்பேன். 2024 ஜூனில் ஐரோப்பியத் தேர்தல் சீட்டில் இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள். லிமெரிக்கில் அன்றைக்கே நகர மேயருக்கும் நேரடித் தேர்தல், அந்த நாட்டிலேயே முதல் தடவை. மூன்று சீட்டையும் முடித்து வெளியே வரக் கால் மணி நேரம் ஆயிற்று. பரவாயில்லை, விரலில் மை வைக்கிற நேரம் மிச்சம். அங்கே மை கிடையாது.

கட்சிகளைப் பற்றி. ஃபியன்னா ஃபால், ஃபின கேல் என்று இரண்டு பெரிய கட்சிகள். 1921இல் பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தத்தை ஏற்பதா வேண்டாமா என்று ஷின் ஃபேன் இயக்கம் இரண்டாக உடைந்து, உள்நாட்டுப் போரே நடந்தது. அந்த உடைப்பிலிருந்து வந்தவை இவை. தலைமுறை தலைமுறையாக எதிரெதிராக நின்றவர்கள் 2020இல் முதல்முறை கூட்டணி வைத்தார்கள். நம் இரண்டு கழகங்களும் சேர்ந்து ஆட்சி நடத்தினால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், அந்த அதிர்ச்சி புரியும். 2024 நவம்பர் 29 தேர்தலில் 174 இடங்களில் ஃபியன்னா ஃபால் 48, அந்தப் பழைய பெயரிலேயே இயங்கும் ஷின் ஃபேன் கட்சி 39, ஃபின கேல் 38. மறுபடியும் அந்த இருவரே, சில சுயேச்சைகளின் துணையோடு. மீஹால் மார்ட்டின் டீஷக், அதாவது பிரதமர். 2027 நவம்பரில் ஃபின கேல் தலைவர் சைமன் ஹாரிஸிடம் பதவியை மாற்றிக்கொடுப்பதாக ஒப்பந்தம்.

யாருக்குப் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். என்னென்ன கேளுங்கள் என்று சொல்கிறேன். அங்கே வேட்பாளர்கள் கதவைத் தட்டி வருவார்கள், கூட்டமில்லாமல், இரண்டு மூன்று பேராக. கதவைச் சாத்தாதீர்கள். நைட் டூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் ஐந்து நிமிடம் நின்று கேளுங்கள்.

நான் முதலில் கேட்பது வீடு. 2024 தேர்தலின்போது அந்த வருடம் கட்டி முடியும் வீடுகள் 40,000ஐ நெருங்கும் என்று ஆளுங்கட்சிக்காரர்கள் வாசலில் வந்து சொன்னார்கள். கணக்கு வெளியானபோது 30,330. இவ்வளவு பெரிய வித்தியாசத்தைச் சொல்லி ஓட்டு வாங்கியதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. ஆப்பிள் கம்பெனி கட்ட வேண்டிய 13 பில்லியன் யூரோ வரியை வாங்கமாட்டோம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் வாதாடி, 2024 செப்டம்பரில் தோற்று, அந்தப் பணத்தைப் பெற்றுக்கொண்ட அரசாங்கம் அது. அப்பாவிடம் சொன்னபோது, "வர்ற பணத்தை வேண்டாம்னா வழக்குப் போட்டாங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். கம்பெனிகள் ஓடிவிடும் என்ற பயம் என்று விளக்கினேன். அவருக்குச் சமாதானமாகவில்லை. எனக்கும்தான்.

அடுத்து மண். 2017 ஜூன் கடைசியில் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து ஊரே வயலில் இறங்கிப் போராடியது நினைவிருக்கும். நான் லிமெரிக்கில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்து அழுதுகொண்டிருந்தேன். சரியாக அதற்கடுத்த மாதம் அயர்லாந்து, பாறையை உடைத்து எரிவாயு எடுப்பதை நிலப்பகுதி முழுவதும் தடைசெய்து சட்டம் போட்டது. லீட்ரிம் என்ற சின்ன மாவட்டத்து விவசாயிகளும் சாதாரண ஜனங்களும் வருடக்கணக்கில் போராடி வாங்கிய சட்டம். நமக்கு வேளாண் மண்டலச் சட்டம் 2020இல் வந்தது. இப்போது ஷானன் ஆற்று முகத்துவாரத்தில் எரிவாயு முனையம் கட்டும் பேச்சு. தன் மண்ணில் உடைக்கக்கூடாது என்று சொன்ன நாடு அடுத்தவர் மண்ணில் உடைத்த வாயுவைக் கப்பலில் இறக்கலாமா? வாசலுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்கிறேன். டெல்டாக்காரி கேட்காமல் யார் கேட்பது?

மூன்றாவது, நம் பாதுகாப்பு. 2025 கோடையில் இந்தியர்கள் மீது தாக்குதல்கள் நடந்தன. எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் மலையாளிப் பெண்கள் டூட்டி முடிந்து தனியாகப் பஸ் ஏற பயந்தார்கள். அப்போதைய ஜனாதிபதி மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் வெளிப்படையாகக் கண்டித்தார், மருத்துவத்திலும் நர்சிங்கிலும் நம் உழைப்பைச் சொன்னார். வாசலுக்கு வந்த எங்கள் கவுன்சிலரிடம் பஸ் நிறுத்தத்துக்கு விளக்கு கேட்டேன். இரண்டு மாதத்தில் வந்தது.

கவுன்சிலரையும் டி.டி.யையும் (டால் உறுப்பினரை அப்படித்தான் சொல்வார்கள்) பார்க்கச் சிபாரிசு வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் 'கிளினிக்' என்று உட்காருவார்கள், டாக்டர் போல. 2023இல் வீட்டுக்காரர் 90 நாளில் காலிசெய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தார். மூன்று வருடமாக இருந்த வீடு, மகள் பள்ளியில் பாதி வருடம். காகிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு கவுன்சிலரின் கிளினிக்குக்குப் போனேன். அவர் தேதிகளை விரல்விட்டு எண்ணி, "ஒரு வருடத்துக்கு மேல் இருந்தவருக்கு 180 நாள் தர வேண்டும், இது செல்லாது" என்றார். வாடகை வாரியத்துக்கு எப்படி எழுதுவது என்று அங்கேயே உட்கார்ந்து காட்டிக்கொடுத்தார். மகள் அந்த வருடப் படிப்பை அதே பள்ளியில் முடித்தாள். 2024இல் என் 1 அவருக்குத்தான்.

குடியுரிமை வாங்குவதா என்பது உங்கள் வீட்டு முடிவு. அங்கே குடியிருந்த கணக்கு ஐந்து வருடம் முடிந்தால் விண்ணப்பிக்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஓ.சி.ஐ. அட்டை (வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) கிடைக்கும், அதை வைத்து இங்கே ஓட்டுப் போட முடியாது, நஞ்சையோ புஞ்சையோ விலைக்கு வாங்கவும் முடியாது. பூர்வீக நிலம் வாரிசாக வரலாம். அப்பாவிடம் இதைச் சொல்லவே எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

என்னை முடிவெடுக்க வைத்தது 2018 மே மாதம். கருக்கலைப்புத் தடையை நீக்குவதா என்று மக்கள் வாக்கெடுப்பு. பெலகாவியிலிருந்து போய் கால்வேயில் பல் மருத்துவராக இருந்த சவிதா ஹலப்பனவர், 17 வாரக் கர்ப்பத்தில் குழந்தை தங்காது என்று தெரிந்தபிறகும் கருவை நீக்கச் சொல்லிக் கேட்டு மறுக்கப்பட்டு, 2012 அக்டோபரில் இறந்துபோனார். வயது 31. அவர் முகத்தை டப்ளினில் ஒரு சுவரில் வரைந்து, ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர்கள் சின்னச் சின்னக் காகிதத்தில் எழுதி ஒட்டினார்கள். நூற்றுக்கு 66 பேர் தடையை நீக்கச் சொன்னார்கள். நம் பக்கத்துப் பெண் ஒருத்திக்காக அந்த நாடே ஓட்டுப் போட்டது, அவளைப் போலவே புடவை மடித்துக்கொண்டு போன எனக்கு ஓட்டு இல்லை. 2023இல் குடியுரிமை வாங்கினேன்.

இந்தியக் குடிமகளாகவே இருக்கப் போகிறாய் என்றால், இந்த ஊர் ஓட்டையும் விடாதே என்று எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். படிவம் 6ஏ நிரப்பினால் வெளிநாடு வாழ் வாக்காளராகப் பெயர் இருக்கும். தேர்தலன்று நேரில் வந்து பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் போட முடியும். லிமெரிக்கில் வீடு கிடைத்த அன்றே ஏர்கோடை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2029இல். அவள் பெயரைப் பட்டியலில் சேர்த்த பிறகுதான் ஸ்வெட்டர் கடைக்கு அழைத்துப்போவேன்.